தும்பிக்கை முளைத்த ‘றை’

சினிமாவில் உயில் என்றால் ஒரு வக்கீல் வருவார். கறுப்புக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. சோபாவில் சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படிப்பார். கடைசி வரியில் யாராவது ஒருத்தருக்கு நெஞ்சு வலி வரும். நிஜத்தில் அப்படியெல்லாம் இல்லை. எங்கள் குடும்பத்துக்கு வந்த உயில், ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பையில் வந்தது. கூடவே ஒரு வெற்றிலைக் கட்டும் அரிசி மில் ரசீதும் இருந்தன. நெஞ்சு வலி யாருக்கும் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது, அதுவும் எனக்கு மட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது 1994ல் நடந்தது. அப்போது எனக்கு வயசு இருபத்தாறு. மெட்ராஸில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில், க்ளெய்ம் செக்‌ஷனில் கிளார்க். ஆபீஸ் நேரத்தில் வேலை, ஃபாரத்தில் இருக்கிற கையெழுத்தும் ஃபைலில் இருக்கிற கையெழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. டிபன் நேரத்தில் வேலை, துப்பறியும் நாவல் படிப்பது. தமிழ்வாணனின் சங்கர்லாலில் ஆரம்பித்து, சுஜாதாவின் கணேஷ்-வஸந்த், ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா என்று சகலரோடும் பழக்கம். இவ்வளவு பேரைப் பழகி வைத்திருக்கிறவன் கையில் ஒரு கேஸ் கிடைக்காமலா போகும் என்று இருந்தேன். வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

முதலில் இறந்துபோனவரைச் சொல்லிவிடுகிறேன். துப்பறியும் கதையில் பிணம்தான் முக்கியம்.

எங்கள் தாத்தாவின் தம்பி, சின்னத் தாத்தா. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் வாத்தியார். 1973ல் ரிடையர் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “நாப்பது பிள்ளைங்கள மேய்ச்சுட்டு வீட்டுக்கு வந்தும் மேய்க்கணுமா?” என்பார். சீட்டுப் பிடித்து, வாயைக் கட்டி ஒரு ஓட்டு வீடு வாங்கியிருந்தார். திண்ணை, முற்றம், கிணறு, கொல்லையில் நாலு தென்னை. அந்த வீட்டில் அவரோடு அவருடைய தங்கையும் இருந்தார். முப்பது வயசில் தாலியை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவர், நாற்பது வருஷமாக அங்கே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அத்தைப் பாட்டி.

சின்னத் தாத்தாவிடம் ஒரு விசேஷம். அவருக்கு யாராவது கடிதம் போட்டால், பதில் வருவதற்கு முன்னால் அந்தக் கடிதமே திரும்பி வரும். சிவப்பு மையில் ஒற்றுப் பிழை, சந்திப் பிழை எல்லாம் சுழித்து, மேல் மூலையில் மார்க் போட்டு அனுப்புவார். பி.காம். பாஸான சந்தோஷத்தில் நான் எழுதிய கடிதத்துக்குப் பத்துக்கு ஆறு கொடுத்தார். ‘சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு எழுதியிருந்தால் எட்டு’ என்று ஒரு குறிப்பு வேறு.

எழுபத்தொன்பது வயசில், ஆவணி மாசம், தூக்கத்திலேயே போய்விட்டார். கொலையெல்லாம் இல்லை, ஏமாற வேண்டாம்.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் சித்தப்பா, அதாவது என் அப்பாவின் தம்பி, மஞ்சள் பையைத் திறந்தார். சித்தப்பாவுக்குக் கும்பகோணத்திலேயே வியாபாரம். இருபது ரூபாய் பத்திரத்தில், நுணுக்கமான கையெழுத்தில், இரண்டு பக்கம். ‘நான் நல்ல சுய நினைவுடன் என் கைப்பட எழுதிய உயில்’ என்று ஆரம்பம். தேதி 1992 மார்ச். வீடும் கொல்லையும் அண்ணன் மகன்கள் இருவருக்கும் சரிபாதி. தங்கையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். அவர் தமது ஆயுள் பரியந்தம் கொல்லைப்புற அறையில் வசித்துக்கொள்ள வேண்டியது.

கொல்லைப்புற அறை என்பது மாட்டுக்கொட்டகையை ஒட்டி விறகும் வறட்டியும் போட்டு வைக்கிற இடம். மழை பெய்தால் அதற்குள் குடை பிடிக்க வேண்டும்.

சித்தப்பா படித்து முடித்ததும் எல்லோரும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினோம். அத்தைப் பாட்டி வாசற்படியில் டவராவோடு நின்றார். “சரிய்யா, அண்ணன் எழுதினா சரிதான். காப்பி ஆறிடும், குடிங்க” என்றார்.

அந்த வீட்டுக்கு அன்றைய மதிப்பில் மூன்று லட்சம் தேறும் என்றார்கள். அப்பாவின் பங்கு ஒன்றரை லட்சம். என் தங்கைக்கு அப்போது தை மாசம் முகூர்த்தம் பேசி வைத்திருந்தது. பதினைந்து பவுன், ஒரு ஸ்கூட்டர். அப்பாவின் பி.எஃப். லோன் ஏற்கெனவே என் படிப்பில் கரைந்திருந்தது. ஒன்றரை லட்சம் என்பது எங்கள் வீட்டில் வெறும் எண் இல்லை, நடுராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்த அப்பா மறுபடி தூங்குவாரா மாட்டாரா என்கிற விஷயம். ஆகவே உயிலைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம் இல்லை, நிம்மதி. சந்தேகம் மெட்ராஸ் திரும்பி, ஆபீஸில் பெருமை அடித்துக்கொண்டபோதுதான் ஆரம்பித்தது.

எங்கள் சூப்பிரண்டு, ரிடையர் ஆக ஒரு வருஷம் பாக்கி இருந்தவர். கோர்ட்டில் சாட்சி சொல்லிச் சொல்லி வக்கீல் மாதிரியே பேசுவார். உயிலின் ஜெராக்ஸை (சித்தப்பா ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்) கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார்.

“உயிலுக்கு எதுக்குய்யா பத்திரம்?”

“பத்திரத்துலதானே சார் எழுதணும்?”

“யார் சொன்னது? வெள்ளைத் தாள்ல எழுதினாலும் செல்லும். முத்திரைக் கட்டணமும் கிடையாது, பதிவும் கட்டாயம் கிடையாது. எழுதினவர் கையெழுத்து, அவர் போட்டதுக்கு ரெண்டு சாட்சி. அவ்வளவுதான். பத்திரம் போட்டிருந்தா அது பார்க்கிறவன் பயப்படறதுக்கு.” பின்பக்கத்தைத் திருப்பினார். முத்திரைத்தாள் வெண்டர் சீல், தேதி, வாங்கியவர் பெயர். வாங்கியவர் பெயர் இருந்த இடத்தில் சித்தப்பாவின் பெயர்.

“வாத்தியாருக்காக நான்தான் வாங்கிக் கொடுத்தேன்னு சொன்னார் சார்.”

“சொல்வாரு. சாட்சி ரெண்டு பேர் யாரு?”

ஒருவர் சின்னத் தாத்தாவின் பழைய பள்ளிக்கூடத்துப் பியூன். 1993ல் காலமாகிவிட்டார். இன்னொருவர் சித்தப்பாவின் சிநேகிதர், அரிசி மில்.

சூப்பிரண்டு சிரித்தார். “சரி, கடைசிக் கேள்வி. இந்த உயிலே இல்லேன்னா சொத்து யாருக்குப் போகும்?”

“அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும்தானே? அண்ணன் மகன்கள்...”

“ஒரு செங்கல் வராது” என்றார்.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இது தெரியாமலே சண்டை நடக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956. ஒரு ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொந்தச் சம்பாத்தியம் முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாம் அதில் வருவார்கள். அவர்கள் யாருமே இல்லை என்றால்தான் இரண்டாம் வகுப்பு. அதற்குள்ளும் ரேஷன் கடை மாதிரி வரிசை உண்டு. முதலில் தகப்பனார். அவர் இல்லையென்றால் அடுத்த வரிசையில் சகோதரன், சகோதரி. அண்ணன் தம்பி பிள்ளைகள் அதற்கும் கீழே, நாலாவது வரிசை. மேல் வரிசையில் ஒரே ஒருவர் உயிரோடு இருந்தாலும் கீழ் வரிசைக்கு ஒன்றும் கிடையாது. எங்கள் தாத்தா முன்பே போய்விட்டார். சின்னத் தாத்தாவின் உடன்பிறப்புகளில் மிச்சமிருந்தது ஒரே ஆள்.

அடுப்படியில் டவராவோடு நின்ற ஆள்.

ஆக, அந்த உயில் எங்களுக்கு ஒன்றரை லட்சம் கொடுக்கவில்லை. மூன்று லட்சத்தை அத்தைப் பாட்டி கையிலிருந்து எடுத்து, எங்களுக்குப் பாதி கொடுத்தது. நாவலில் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது ‘இதனால் யாருக்கு லாபம்?’ என்றுதான். லாபம் அடைந்த இரண்டு பேரில் ஒருவர் என் அப்பா. சங்கர்லாலுக்கு இந்த மாதிரி சிக்கல் வந்ததில்லை, அவர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சூப்பிரண்டு விடவில்லை. சுப்ரீம் கோர்ட் 1958 நவம்பரில் மைசூர் பக்கத்து உயில் வழக்கு ஒன்றில் சொன்ன தீர்ப்பை எடுத்துச் சொன்னார். உயில் வழக்குகளில் இன்றைக்கும் திரும்பத் திரும்பக் காட்டுகிற தீர்ப்பு அது. கையெழுத்து நடுக்கமாக இருப்பது, இயல்பான வாரிசைக் காரணமில்லாமல் ஒதுக்குவது, உயிலால் பெரிய லாபம் அடைகிறவரே அதை எழுத வைப்பதில் முன்னால் நிற்பது, இவையெல்லாம் சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகள். அப்படி இருந்தால், அந்தச் சந்தேகத்தைத் துடைக்கிற பொறுப்பு உயிலைக் காட்டுகிறவருடையது. “உங்க சித்தப்பாவுக்கு மூணுல ரெண்டு இருக்கு. கையெழுத்த மட்டும் பாரு” என்று ஜெராக்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

பார்த்தேன். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் சின்னத் தாத்தா எழுதிய இன்லண்டு லெட்டர்கள் பதினொன்று இருந்தன. ஜெராக்ஸையும் ஒவ்வொரு லெட்டரையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். எங்கள் செக்‌ஷனில் ஒரு விதி உண்டு. இரண்டு கையெழுத்து கொஞ்சம் வேறுபட்டால் பயப்பட வேண்டாம், அச்சாக ஒன்றாக இருந்தால்தான் பயப்பட வேண்டும். மனுஷன் கை ஒரே மாதிரி இரண்டு தடவை ஓடாது.

இதே விஷயம் அமெரிக்காவில் பெரிய வழக்காக நடந்தது என்று பின்னால் படித்தேன். சில்வியா ஆன் ஹௌலண்ட் என்கிற பணக்காரப் பெண்மணி 1865ல் இறந்தார். அவருடைய அண்ணி மகளோ நாத்தனார் மகளோ இல்லை, சொந்தச் சகோதரியின் மகள், எல்லாம் எனக்குத்தான் என்று ஒரு தாளைக் காட்டினார். அதிலிருந்த கையெழுத்து உயிலில் இருந்த கையெழுத்தின் மேல் கோடு கோடாகப் பொருந்தியது. ஹார்வர்டின் கணக்குப் பேராசிரியர் பெஞ்சமின் பியர்ஸ் சாட்சிக் கூண்டில் ஏறினார். நிஜமான 42 கையெழுத்துகளை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு, கீழ்நோக்கி இழுத்த 30 கோடுகளும் ஒன்றாக அமைய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டார். ஐந்தை முப்பது தடவை பெருக்கினால் வருகிற எண்ணில் ஒரு பங்கு. கோர்ட் 1868ல் அந்தப் பெண்ணின் கேஸைத் தள்ளியது, ஆனால் வேறு ஒரு சட்டக் காரணத்தைச் சொல்லி. பாவம் பேராசிரியர், அவ்வளவு பெருக்கலும் வீண்.

எனக்குப் பெருக்க வேண்டிய வேலை வரவில்லை. உயிலின் கையெழுத்து பதினொன்றில் எதன் மேலும் அச்சாகப் பொருந்தவில்லை. சாயல் சரியாக இருந்தது. நடுக்கம்கூட இருந்தது. பாஸ் பண்ண வேண்டிய கையெழுத்துதான். ஜெராக்ஸை மடித்து வைக்கப் போனேன். அப்போதுதான் அந்த ‘அறை’ கண்ணில் பட்டது.

முப்பது வயசைத் தாண்டாத வாசகர்களுக்கு இங்கே ஒரு தமிழ் கிளாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் ணை, லை, ளை, னை என்று எழுதும்போது முன்னால் ஓர் இணைக்கொம்பு போடுகிறோம். முன்பு அப்படி இல்லை. அந்த நாலு எழுத்துக்கு மட்டும் தலையிலிருந்து ஒரு வளைவு மேலே எழும்பும், யானை தும்பிக்கையைத் தூக்கிய மாதிரி. அதே போல ணா, றா, னா மூன்றுக்கும் கால் கிடையாது, எழுத்தே கீழே சுழித்துக்கொள்ளும். ணொ, ணோ வகையறாவும் அப்படியே. மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935லேயே ‘குடியரசு’ பத்திரிகையில் இதையெல்லாம் மாற்றிப் போட ஆரம்பித்துவிட்டார். அரசாங்கம் ஏற்று உத்தரவு போட்டது 1978ல், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது. நான் ஒன்றாங் கிளாஸில் தும்பிக்கை போட்டுப் படித்தவன். நடுவில் ஒரு நாள் தும்பிக்கையை வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன்.

சின்னத் தாத்தா வெட்டவில்லை. 1973ல் ரிடையர் ஆனவரிடம் எந்த சர்க்குலரும் வரவில்லை. வந்திருந்தாலும் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருப்பார். பதினொரு லெட்டரிலும் தும்பிக்கை கம்பீரமாக இருந்தது. உயிலிலும் இருந்தது. ‘எல்லை’யில் இருந்தது, ‘தென்னை’யில் இருந்தது, ‘துணை’யில் இருந்தது. எழுதியவர் யாராக இருந்தாலும் கவனமான ஆள்.

ஆனால் ‘கொல்லைப்புற அறை’ என்ற இடத்தில், லைக்குப் போட்டது போக, றைக்கும் ஒரு தும்பிக்கை முளைத்திருந்தது.

றைக்குத் தும்பிக்கை கிடையாது. எந்தக் காலத்திலும் கிடையாது. றா விசேஷ எழுத்து, றை சாதாரண எழுத்து. பழைய எழுத்தைக் கையால் பழகியவனுக்கு இது சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், கை தானாகப் போகும். பழைய எழுத்தைக் கண்ணால் பார்த்து, ‘ஓஹோ, ண, ற, ன எல்லாம் ஒரு செட்’ என்று மனசில் கணக்குப் போட்டவன்தான் இப்படி எழுதுவான். பதினொரு லெட்டரையும் மறுபடி அலசினேன். முறை, துறை, குறை, விடுமுறை என்று இருபது இடத்துக்கு மேல் றை வந்தது. ஒன்றில்கூடத் தும்பிக்கை இல்லை. முப்பத்தைந்து வருஷம் அந்த எழுத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவர், வாழ்நாளில் முக்கியமான தாளில், முக்கியமான வாக்கியத்தில், தப்பு பண்ணுவாரா?

இதிலிருந்து இன்னொன்றும் கிடைத்தது. அந்த உயிலைச் சித்தப்பா எழுதவில்லை. அவருக்கு நாற்பத்தெட்டு வயசு, தும்பிக்கையோடு வளர்ந்தவர். எழுதியவன் புது எழுத்தில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தவன். 1978க்கு அப்புறம் ஒன்றாங் கிளாஸ் சேர்ந்திருந்தால், 1994ல் வயசு இருபது, இருபத்தொன்று. அந்த வயசில், அழகான கையெழுத்துள்ள, சித்தப்பா சொன்னால் கேட்கிற பையன் ஒருத்தனை எனக்குத் தெரியும். சித்தப்பாவின் மகன். கும்பகோணத்தில் காலேஜ் கடைசி வருஷம். காலேஜ் பக்கம் என்பதால் தினமும் மத்தியானச் சாப்பாடு அத்தைப் பாட்டியிடம்.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது.

ஆயுத பூஜை லீவில் எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறிப் போனேன். தம்பியைக் காவிரிக்கரைப் பக்கம் ஒரு டீக்கடைக்கு அழைத்துப் போனேன். கிரிக்கெட் பேசினோம். சட்டைப் பையிலிருந்து பேனாவையும் ஒரு துண்டுச் சீட்டையும் எடுத்து வைத்தேன்.

“டேய், உனக்குப் பழைய எழுத்து வருமாமே? ‘விலை’ன்னு எழுது பாப்போம்.”

எழுதினான். அழகான தும்பிக்கை.

“சூப்பர். ‘பானை’?”

எழுதினான். னையும் சரி.

“அறை?”

பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதியது. றையின் தலையில் தும்பிக்கை எழுந்தது. என் முகத்தைப் பார்த்தான்.

“தப்பாண்ணே?”

“றைக்குத் தும்பிக்கை கிடையாதுடா.”

டீ ஆறி, மேலே ஆடை கட்டியது. அப்புறம் மெதுவாகச் சொன்னான். “அப்பாதான் சொன்னாரு. அத்தைப் பாட்டி பேருக்கு வந்தா எவனாவது ஊர்க்காரன் கைநாட்டு வாங்கி ஏமாத்திப் புடுங்கிடுவான், நம்ம கையில இருந்தா அவங்களையும் நாமளே பாத்துக்கலாம்னாரு. தாத்தா லெட்டர வெச்சுக்கிட்டு ஒரு வாரம் பழகினேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக் கொட்டகை விஷயம் அப்பா சொல்லச் சொல்ல எழுதினேண்ணே. எழுதும்போதே ஒரு மாதிரிதான் இருந்திச்சு” என்றான்.

ஒரு மாதிரி இருந்ததால்தான் கை தடுமாறியதா என்று எனக்குத் தெரியாது. நாவலாக இருந்தால் அப்படித்தான் எழுதுவார்கள்.

மெட்ராஸ் வந்து இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், அம்மாவும் தங்கையும் பக்கத்து வீட்டில் டி.வி. பார்க்கப் போயிருந்தபோது, ஜெராக்ஸை அப்பாவிடம் கொடுத்தேன். “இதுல ஒரு எழுத்து சரியில்லப்பா” என்று மட்டும் சொன்னேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இரண்டு பக்க உயில், சுமார் அறுபது வரி. அவருடைய விரல் இரண்டாம் பக்கத்தில், நேராக அந்த றையில் போய் நின்றது. தேடவில்லை.

“எப்பப்பா பாத்தீங்க?”

“அவன் படிச்ச அன்னிக்கே. பக்கத்துல உக்காந்திருந்தேன்ல.” கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கு அனா ஆவன்னா சொல்லிக்குடுத்தது உங்க சின்னத் தாத்தாதான். றைக்கு வால் வெச்சேன்னு ஒருநாள் மணலைக் குமிச்சு அதுல முட்டி போட வெச்சிருக்காரு.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார். “உன் தங்கச்சிக்கு தை மாசம் பேசியிருக்கு.”

அவ்வளவுதான் பேச்சு. இந்த இடத்தில் நான் அப்பாவுக்கு நீதி, நேர்மை என்று ஏதாவது எடுத்துச் சொன்னதாக எழுதினால் நன்றாக இருக்கும். சொல்லவில்லை. பதினைந்து பவுனை எங்கிருந்து கொண்டு வருவது என்று எனக்கும் தெரியாது. அன்று ராத்திரி அவர் மூன்று தடவை தண்ணீர் குடிக்க எழுந்தார். எண்ணினேன், அதனால் நானும் தூங்கவில்லை என்று தெரிகிறது.

காலையில் ஷேவிங் செய்துகொண்டே கேட்டார். “வீட்ல சிவப்பு இங்க் பேனா இருக்கா?”

ஆபீஸ் பேனா இருந்தது. ஜெராக்ஸில் அந்த ஒரு எழுத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டார். மேல் மூலையில் மார்க் போடுகிற இடத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். கவரில் வைத்து, சித்தப்பா பெயருக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டு ஆபீஸுக்குப் போனார். கூட ஒரு வரி கடிதம்கூட வைக்கவில்லை.

நாலாம் நாள் ராத்திரி, கட்டணம் குறைகிற நேரம் பார்த்து, சித்தப்பா எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் பக்கத்து வீட்டுக்கு போன் செய்தார். மழை, வியாபார மந்தம் எல்லாம் பேசிவிட்டு, “அண்ணே, அந்த உயில் ஒரிஜினல் இருக்குல்ல, ஓட்டு ஒழுக்குல நனைஞ்சு கூழாப் போச்சுண்ணே” என்றார். “போனாப் போவுது. நம்ம அத்தைக்குத்தான வரப்போவுது” என்றார் அப்பா. அதற்கு மேல் அண்ணன் தம்பிக்குள் அந்த விஷயம் பேசப்படவே இல்லை. ஐப்பசி மழையை நான் நன்றாகப் புரிந்துகொண்டது அந்த வருஷம்தான்.

வீடு அத்தைப் பாட்டி பெயருக்கு மாறியது. தை முகூர்த்தம் வைகாசிக்குத் தள்ளிப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கினார்கள், பிறகு இறக்கினார்கள். 1995 சித்திரையில் அத்தைப் பாட்டி யாரையும் கேட்காமல் கொல்லையில் பாதியை விற்றார். கல்யாணத்துக்கு மஞ்சள் துணியில் முடிந்து இருபத்தைந்தாயிரம் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார். ஸ்கூட்டர் அதில்தான் வந்தது.

தம்பி மட்டும் அந்த வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தான். அவனாகவே நிறுத்தினான், யாரும் சொல்லவில்லை. ஒரு மாசம் பார்த்துவிட்டு அத்தைப் பாட்டி தெருப் பையன் ஒருத்தனிடம் காலேஜுக்குச் சொல்லி அனுப்பினாராம். “ரெண்டு பேருக்குன்னே உலை வெச்சுப் பழகிடுச்சு. தினம் வீணாப் போவுது, வரச் சொல்லு.” போனான். அவருக்கு விஷயம் தெரியுமா என்று அவனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. காலேஜ் முடிந்து வேலைக்குப் போன பிறகும் அவன் மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

அத்தைப் பாட்டி 2003ல் காலமானார். காரியமெல்லாம் முடிந்ததும், அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த தகர டப்பாவிலிருந்து ஓர் உயிலை எடுத்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சார்பதிவாளர் ஆபீஸில் முறையாகப் பதிவு செய்தது. வீடும் மிச்சக் கொல்லையும் தம்பிக்கு. எழுதியவன் என்ற இடத்திலும் தம்பியின் பெயர். லாபம் அடைகிறவனே தன் கையால் எழுதிய உயில், 1958 தீர்ப்புப்படி இதைவிடச் சந்தேகமான சூழ்நிலை கிடையாது. ஆனால் சாட்சி போட்ட டாக்டரும் போஸ்ட்மேனும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். “பாட்டி சொல்லச் சொல்ல இவன் மாட்டேன் மாட்டேன்னான். திட்டித்தான் எழுத வெச்சாங்க” என்றார் போஸ்ட்மேன்.

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என் காதருகில், “இதுக்கு அந்த இருபது ரூபா பத்திரத்தை மிச்சம் பண்ணியிருக்கலாம்” என்றார்.

தாள் என் கைக்கு வந்ததும் கண் தானாகவே றையைத் தேடியது. நாலு இடத்தில் இருந்தது. உயில் முழுவதும் புது எழுத்து, எதற்கும் தும்பிக்கை இல்லை. கடைசியில் பாட்டியின் கையெழுத்து. அவருக்கும் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர் அண்ணன்தான். அவர் பெயரில் ஒரு லை வரும். அதை மட்டும் நடுங்கி நடுங்கி, தும்பிக்கையோடு போட்டிருந்தார்.